மின்மாற்றியின் தாங்குசக்தியும் நம் சங்கங்களின் பொறுப்பும்

கடன் விண்ணப்பம் ஒன்று சங்கத்தின் முன் வரும்போது நிர்வாகக் குழுவினர் கேட்கும் கேள்விகள் பல. விண்ணப்பதாரர் பங்குத்தொகை முழுவதும் செலுத்தியிருக்கிறாரா, பழைய கடனில் நிலுவை உண்டா, ஜாமீன் நிற்போர் யார் என்றெல்லாம் விசாரிக்கின்றனர். விசாரிப்பதும் முறையே. ஆனால், மோட்டார் வாங்குவதற்காகக் கேட்கப்படும் கடனில் இவற்றோடு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். 'இந்த மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை நம் ஊர் மின்மாற்றி தாங்குமா?' என்பதே அது. இக்கேள்வியைக் கேளாது கொடுக்கப்படும் கடன், ஜாமீன் எவ்வளவு பலமாயிருப்பினும், பலவீனமான கடனே என்பது நமது துணிபு.

இவ்வாறு நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளரும் தோட்டப் பயிர் செய்வோரும் கலந்து வாழும் ஓர் ஊருக்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். ஊரின் தறிக்கூடங்களுக்கென 16 கே.வி.ஏ. அளவுள்ள ஒருமுனை மின்மாற்றி ஒன்று இருந்தது. தொடக்கத்தில் ஒன்பது மோட்டார்கள் ஓடின, குறையொன்றும் இல்லை. பின்னர் பன்னிரண்டு அங்கத்தினர்களுக்கு ஆளுக்கு ஒரு குதிரை சக்தி மோட்டார் வாங்கச் சங்கம் கடன் அளித்தது. தீர்மானப் புத்தகத்தை நாம் புரட்டியபோது, அதில் ஒரு கணக்கும் எழுதப்பட்டிருக்கக் கண்டோம். ஒரு குதிரை சக்தி 746 வாட். மின்மாற்றியின் அளவு 16,000. இதை 746-ஆல் வகுத்தால் 21. ஆகவே 21 மோட்டார்கள் ஓடலாம் என்பது அக்கணக்கு. எழுதியவர் நேர்மையானவர், வகுத்தலிலும் பிழையில்லை. ஆயினும் கணக்கு தவறு.

விளைவு என்ன? புதிய மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் மின்மாற்றியின் ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. யாரோ ஒருவர் தடித்த கம்பி ஒன்றை வைத்துக் கட்டிவிட்டார். அதன்பின் ஃபியூஸ் போகவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மின்மாற்றியே எரிந்து போயிற்று. மாற்று வந்து சேரும் வரையில் தறிகள் நின்றன. ஒப்புக்கொண்ட சரக்கைத் தவணைக்குள் கொடுக்க இயலவில்லை. கடன் தவணைகள் தவறின. புதிதாக மோட்டார் வாங்காத பழைய ஒன்பது பேரும் அவர்களோடு சேர்ந்து நஷ்டமடைந்தனர். ஒருவர்மீது ஒருவர் குறை கூறினர்; எல்லோரும் சேர்ந்து மின்வாரியத்தைக் குறை கூறினர். கணக்கைக் குறை கூறியவர் ஒருவருமில்லை.

நிற்க. அக்கணக்கில் எங்கே பிழை என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்துகொள்வது அவசியம். இது பொறியாளர்க்கு மட்டுமே உரிய வித்தை அன்று; பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் எவரும் அறியக்கூடியதே.

டிரான்ஸ்பார்மர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் மின்மாற்றியின் உடலில் ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதில் கே.வி.ஏ. என்ற அளவு குறிக்கப்பட்டிருக்கும். கிலோ வோல்ட் ஆம்பியர் என்பதன் சுருக்கம் அது. கிலோ வாட் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். வோல்ட் என்பது மின் அழுத்தம். ஆம்பியர் என்பது மின்னோட்டத்தின் அளவு. ஒருமுனை மின்மாற்றியில் கே.வி.ஏ. அளவை 1,000-ஆல் பெருக்கி, மின் அழுத்தத்தால் வகுத்தால், அது தாங்கக்கூடிய ஆம்பியர் கிடைக்கும். 16 கே.வி.ஏ. மின்மாற்றி 230 வோல்ட்டில் கொடுக்கக்கூடியது 69.6 ஆம்பியர். 10 கே.வி.ஏ. ஆயின் 43.5 ஆம்பியர், 25 கே.வி.ஏ. ஆயின் 108.7 ஆம்பியர். உயர் அழுத்தப் பக்கத்தில் 11,000 வோல்ட் வருமாயின், அதே 16 கே.வி.ஏ.வுக்கு அங்கே ஓடுவது ஒன்றரை ஆம்பியருக்கும் குறைவே. அழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு மின்னோட்டம் பெருகுகிறது.

இந்த ஆம்பியர் எல்லை ஏன் ஏற்பட்டது? மின்மாற்றிக்குள் சுற்றப்பட்டிருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடேறுகிறது. அச்சூட்டை எண்ணெய் வாங்கி வெளிக்காற்றில் விடுகிறது. கம்பியின் பருமனும், சுற்றின்மீது உள்ள காப்புக் காகிதமும், எண்ணெயின் அளவும் எவ்வளவு சூட்டைத் தாங்குமோ அவ்வளவே மின்மாற்றியின் சக்தி. ஆகவே மின்மாற்றிக்கு நாம் எத்தனை கெஜம் துணி நெய்தோம், எத்தனை குடம் நீர் இறைத்தோம் என்பது தெரியாது. தன் கம்பி வழியே எத்தனை ஆம்பியர் ஓடிற்று என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

இனி மோட்டாரின் பக்கம் வருவோம். ஒரு குதிரை சக்தி என்பது மோட்டாரின் தண்டில் நமக்குக் கிடைக்கும் சக்தி; அது மின் கம்பியிலிருந்து இழுக்கும் சக்தி அன்று. சிறிய ஒருமுனை மோட்டார் தான் வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கை வேலையாக்கி, மீதியைச் சூடாக விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 746 வாட் வேலைக்கு 1,066 வாட் இழுக்கும். இது முதல் பிழை.

இரண்டாவது பிழை அதனினும் பெரிது. மோட்டார் சுழல்வதற்குள்ளே காந்தப்புலம் வேண்டும். அதை உண்டாக்குவதற்கு ஒரு பகுதி மின்னோட்டம் கம்பி வழியே சென்று, வேலை எதுவும் செய்யாமல் திரும்பி வருகிறது. போகவும் வரவும் இருக்கிறது. இம்மின்னோட்டம் ஓர் இழையும் நெய்வதில்லை. வீட்டு மீட்டரில் யூனிட்டாகவும் ஏறுவதில்லை. ஆனால் கம்பியில் இடம் பிடிக்கிறது, மின்மாற்றியைச் சூடாக்குகிறது. வேலை செய்யும் மின்சாரத்துக்கும் மொத்த மின்சாரத்துக்கும் உள்ள விகிதத்தையே பவர் ஃபாக்டர், அதாவது திறன் காரணி, என்கின்றனர். சிறிய மோட்டார் ஒன்றுக்கு இது 0.7 என்று கொண்டால், மேற்சொன்ன 1,066 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் இழுப்பது 6.6 ஆம்பியர். 69.6-ஐ 6.6-ஆல் வகுத்துப் பாருங்கள். பத்து மோட்டார்களே ஓடலாம், இருபத்தொன்று அன்று!

அந்த ஊரில் 21 மோட்டார்களும் முழுச் சுமையில் ஓடினால் சுமார் 139 ஆம்பியர் ஆகிறது. மின்மாற்றி தாங்குவதைப் போல் இரு மடங்கு இது. மின்னோட்டம் இரு மடங்கானால் சுற்றில் எழும் வெப்பமும் இரு மடங்காகும் என்று எண்ணலாகாது. அது நான்கு மடங்காகும். இருபது சதவீதம் மிகுதியாக இழுத்தாலே வெப்பம் நூற்றுக்கு நாற்பத்து நான்கு கூடுகிறது. ஐம்பது சதவீதம் மிகுதியானால் இரண்டேகால் மடங்காகிறது.

'எங்கள் மின்மாற்றி பல நாள் இப்படித்தான் ஓடுகிறது. ஒன்றும் ஆகவில்லையே' என்று கூறும் அன்பர்கள் உண்டு. அதுவும் ஒரு வகையில் உண்மையே. எண்ணெய் முழுதும் சூடேறச் சில மணி நேரம் ஆகுமாதலால், சிறிது நேரம் சுமை மிகுவதை மின்மாற்றி பொறுத்துக்கொள்ளும். ஆனால் பொறுத்தது எல்லாம் கணக்கில் ஏறிக்கொண்டே வருகிறது. காப்புக் காகிதத்தின் சூடு அதற்குரிய எல்லையைத் தாண்டி ஒவ்வொரு 6 டிகிரி உயரும்போதும், அதன் ஆயுள் தேயும் வேகம் இரட்டிப்பாகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. ஆகவே, இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டியது சில ஆண்டுகளில் ஓய்ந்துபோகிறது. அது எரியும் நாளில் நாம் அன்றைய தினத்தைக் குறை கூறுகிறோம். தேய்த்தது பல நாளைய செயல்.

ஃபியூஸ் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கத்தில் கணக்கைச் சரிபார்த்து, பிழை கண்டால் கையெழுத்திட மறுக்கும் குமாஸ்தாவைப் போன்றது அது. அது அடிக்கடி போகிறதென்றால் சுமை மிகுந்துவிட்டது என்பதே பொருள். தடித்த கம்பியை வைப்பது, குமாஸ்தாவை நீக்கிவிட்டுக் கணக்கு சரியாயிற்று என்று மகிழ்வதற்கு ஒப்பாகும். அன்றியும், மின்மாற்றியின் அருகே 11,000 வோல்ட் கம்பிகள் இருக்கின்றன. உரிய ஊழியரைத் தவிர வேறெவரும் அங்கே கை வைத்தல் உயிருக்கு ஆபத்து என்பதை மறத்தலாகாது.

மும்முனை மின்மாற்றி உள்ள ஊரார் இக்கணக்கு தமக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். அங்கும் வீடுகளுக்கும் சிறு கூடங்களுக்கும் ஒரு முனையிலிருந்தே இணைப்பு வருகிறது. 25 கே.வி.ஏ. மும்முனை மின்மாற்றியில் ஒரு முனைக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கே. அதாவது சுமார் 36 ஆம்பியர். 16 கே.வி.ஏ. ஒருமுனை மின்மாற்றி தருவதில் ஏறக்குறைய பாதிதான் இது! தகட்டில் பெரிய எண்ணைக் கண்டு ஒரே தெருவில், ஒரே முனையில், எல்லா மோட்டார்களையும் சேர்த்துவிட்டால், மற்ற இரு முனைகளும் சும்மா இருக்க, ஒரு முனை மட்டும் வேகும். மும்முனை மின்சாரம் வராத நேரத்தில் கண்டன்சர் வைத்துப் பம்பு மோட்டாரை ஓட்டும் பழக்கமும் விவசாய அங்கத்தினர் சிலரிடம் உண்டு. மூன்று கம்பிகளில் பகிர்ந்து வர வேண்டிய சுமை அப்போது எஞ்சியவற்றின்மீது ஏறுகிறது. அது மோட்டாருக்கும் கேடு, மின்மாற்றிக்கும் கேடு.

மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும் வேளை மற்றோர் ஆபத்தான வேளையாகும். நின்றிருக்கும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்து மடங்கு இழுக்கும். பத்து மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பினால் 66 ஆம்பியர் 330 ஆம்பியர் ஆகிறது. அவ்வளவு மின்னோட்டத்தில் மின்மாற்றிக்குள்ளேயே அழுத்தம் இருபது சதவீதம் வரை இறங்கிவிடக்கூடும். அழுத்தம் ஐந்தில் நான்கு பங்கானால் மோட்டாரின் முறுக்கு விசை மூன்றில் இரண்டு பங்கிற்கும் கீழே போகிறது. மோட்டார்கள் கிளம்ப மாட்டாமல் முனகிக்கொண்டே, அந்த ஐந்து மடங்கையும் விடாமல் இழுக்கின்றன. வேண்டியது ஓர் ஒழுங்கே. மின்சாரம் நின்றவுடன் ஒவ்வொருவரும் தம் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். திரும்பியதும் கூடம் கூடமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். விவசாயப் பம்புகளுக்கு நம் மாநிலத்தில் இலவச மின்சாரம் உண்டு. விசைத்தறியாளருக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை வழங்கப்படும் இலவச அளவு 2023-ஆம் ஆண்டு 1,000 யூனிட்டாகவும், கைத்தறியாளருக்கு 300 யூனிட்டாகவும் உயர்த்தப்பட்டது. நன்மையே. ஆனால் யூனிட் என்பது மாதக் கணக்கு. ஆம்பியர் என்பது நொடிக் கணக்கு. சர்க்கார் யூனிட்டை இலவசமாகத் தரலாம். ஆம்பியரை எவரும் இலவசமாகத் தர முடியாது. கம்பியின் பருமனுக்கு மேல் அது வாராது.

ஆகவே சங்கங்கள் செய்யத் தக்கவை யாவை என்று பார்ப்போம். முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் மின்சுமைப் பதிவேடு ஒன்று வைத்தல் வேண்டும். ஊரின் மின்மாற்றி என்ன அளவு, ஒருமுனையா மும்முனையா, எந்த அங்கத்தினரிடம் என்ன மோட்டார், தார் சுற்றும் இயந்திரத்திலும் பாவு ஓட்டும் இயந்திரத்திலும் உள்ள சிறு மோட்டார்கள் எத்தனை, தோட்டத்துப் பம்புகள் எத்தனை என்பன அதில் ஏற வேண்டும். குதிரை சக்தியைக் கூட்டலாகாது. மோட்டாரின் தகட்டில் குறித்துள்ள ஆம்பியரையே கூட்ட வேண்டும். வீட்டு விளக்கும் விசிறியும் சிறிதே ஆயினும், 2,000 வாட் வெந்நீர் ஹீட்டர் ஒன்றே 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒரு தறி மோட்டாரினும் அது மிகுதி. வீடுகளில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை என்று பொறியாளர் தள்ளுபடி கொடுத்துக் கணக்கிடுவர். தறிக்கூடத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. காலையில் எல்லாத் தறிகளும் ஒருங்கே ஓடும். அறிந்த மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு, கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரால் வேலை மிகுந்த நேரத்தில் அளந்து, ஏட்டுக் கணக்கைச் சரிபார்த்தலும் நன்று.

இரண்டாவதாக, மோட்டார்க் கடன் வழங்குமுன், மின் இணைப்பும் கூடுதல் சுமையும் கிடைக்கும் என்பதற்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் எழுத்து மூலமான ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். விதைக்கு நிலம் உண்டா என்று பார்த்துப் பயிர்க்கடன் கொடுக்கும் நாம், மோட்டாருக்கு மின்சாரம் உண்டா என்று பாராமல் கொடுப்பது முறையன்று.

மூன்றாவதாக, திறன் காரணியை உயர்த்தும் கெப்பாசிடர்களைச் சங்கமே மொத்தமாக வாங்கித் தரலாம். மோட்டார் கிளம்புவதற்காக அதன் மேலேயே இருக்கும் கெப்பாசிடர் வேறு, இது வேறு. மோட்டாரோடு இணையாகச் சேர்க்கப்பட்டு, மோட்டாருடனேயே போடவும் அணைக்கவும் படுவது. அளவைப் பொறியாளரே நிர்ணயிக்க வேண்டும். முன் சொன்ன மோட்டாரின் திறன் காரணி 0.7-இலிருந்து 0.9-க்கு உயர்ந்தால் 6.6 ஆம்பியர் 5.15 ஆகக் குறைகிறது. அதே மின்மாற்றியில் பத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று மோட்டார்கள் ஓடலாம். மூன்று குடும்பங்களுக்குப் புதிய கம்பமும் புதிய மின்மாற்றியும் இன்றியே பிழைப்புக் கிடைக்கிறது.

நான்காவதாக, முறை வைத்துக்கொள்ளுதல். ஏரியில் நீர் குறைந்த காலத்தில் மடையை யார் எப்போது திறப்பது என்று முறை வகுத்து, அதற்கென நீர்பாய்ச்சியை நியமித்த வழக்கம் நம் ஊர்களுக்குப் புதிதன்று. மதகின் வாய் எவ்வளவோ அவ்வளவே நீர் வரும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மின்மாற்றியும் ஒரு மதகே. தறி ஓடாத வேளையில் தோட்டத்துப் பம்பு, பம்பு ஓடாத வேளையில் தறி என்று நெசவாளரும் விவசாயிகளும் ஒரே சங்கத்தில் அமர்ந்து பேசி முடிவு செய்ய இயலாதா? இயலும் என்றே நம்புகிறோம். மின்சாரத்தைக் கூட்டுறவு முறையில் நிர்வகித்தல் ஏட்டளவான கனவும் அன்று. தெலங்கானாவில் விசைத்தறிகள் நிறைந்த சிரிசில்லாப் பகுதியில் 1970-ஐ ஒட்டி அமைந்த கூட்டுறவு மின் விநியோகச் சங்கம், தறிகளுக்கும் வயல்களுக்கும் மின்சாரம் வழங்கும் பணியையே மேற்கொண்டது. நாம் கேட்பது அவ்வளவு பெரிய காரியமும் அன்று. ஒரு பதிவேடும் ஒரு முறையுமே.

இத்தனையும் செய்தபின்னும் போதவில்லையெனில், அப்போது பெரிய மின்மாற்றி கேட்கத்தான் வேண்டும். மின்வாரியத்தில் தாமதமே இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. விண்ணப்பித்தோர் காத்திருக்கும் துன்பத்தை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். அத்துன்பமே சிலரைச் சுமையை மறைக்கத் தூண்டுகிறது என்பதும் அறிவோம். கூடுதல் சுமையைத் தெரிவித்தால் கட்டணம் கூடுமே என்ற அச்சமும் ஏழை நெசவாளர்க்கு இயல்பே. ஆனால் மறைத்த சுமைக்கு எவரும் மின்மாற்றி ஒதுக்க மாட்டார்கள். அலுவலகத்தின் ஏட்டில் ஒன்பது மோட்டார் என்று இருக்கையில், இருபத்தொன்றுக்கு வேண்டிய மின்மாற்றியை எந்த அதிகாரி கேட்டுப் பெறுவார்? தனித்தனியே பன்னிரண்டு பேர் முறையிடுவதினும், மகாசபையில் நிறைவேறிய தீர்மானத்தோடு, பதிவேட்டின் நகலையும் இணைத்துச் சங்கம் கேட்பது வலிமையுடையது. அப்போது தாமதத்திற்குக் காரணம் கேட்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறது.

'என் மோட்டார் அரைக் குதிரை சக்திதானே. அதனால் என்ன வந்துவிடும்?' என்பது தனி மனிதரின் கேள்வி. எல்லோரும் அவ்வாறே கேட்டால் என்ன வரும் என்பதை மேற்சொன்ன ஊர் தீபாவளிக்கு முன் இருட்டில் இருந்து கற்றுக்கொண்டது. மிகையாக இழுத்தவரும் அளவாக இழுத்தவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டனர் என்பதுதான் வருந்தத்தக்கது. பொதுச் சொத்தில் ஒருவர் செய்யும் தவறு அவரோடு நிற்பதில்லை. சங்கப் பணத்திற்கு நாம் கணக்கு வைப்பது இதனாலேயே. மின்மாற்றியின் ஆம்பியருக்கும் அவ்வாறே கணக்கு வைப்போமாக. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மின்சுமைப் பதிவேடு என்ற ஒரு பொருளைச் சேர்க்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினர்களோ, இன்று மாலையே தம் மோட்டாரின் தகட்டைத் துடைத்து, அதில் உள்ள ஆம்பியர் என்னவென்று குறித்து வைத்துக்கொள்வார்களாக.